கைத்தொழிலோடு கல்வியும்

1. எல்லையோரத்து உழைப்பாளிகள்

கேரளத்தின் கிழக்கு எல்லையில் மலைகள் வரிசையாக நிற்கின்றன. மலைக்கு ஒரு பக்கம் தமிழ்நாடு. மறு பக்கம் கேரளம். பாலக்காட்டில் மட்டும் மலை விலகி வழி விடுகிறது. எல்லைக் கோடு மாநிலத்தைப் பிரித்தாலும் பேச்சைப் பிரிக்கவில்லை. இந்தப் பக்கமும் தமிழ் பேசும் மக்கள் பல தலைமுறையாக வாழ்கிறார்கள்.

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் வட்டம் இருக்கிறது. அங்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி, முதலமடை போன்ற ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. சிலர் விவசாயக் கூலிகள். சிலர் மாந்தோப்பில் வேலை செய்கிறார்கள். சிலர் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். சிலர் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு வட்டங்கள் இருக்கின்றன. அங்கே தேயிலைத் தோட்டமும் ஏலத் தோட்டமும்தான் வாழ்வு. மூணாற்றிலும் வண்டிப்பெரியாற்றிலும் தமிழ்த் தொழிலாளர்கள் எஸ்டேட் லயங்களில் குடியிருக்கிறார்கள். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் ஜீப் ஏறி, ஏலக்காட்டுக்கு வந்து, மாலையில் திரும்புகிறவர்களும் உண்டு.

இவர்கள் எல்லோருக்கும் வேலை தெரியும். ஒருவர் மோட்டார் பழுது பார்ப்பார். ஒருவர் சுவர் எழுப்புவார். ஒருவர் குழாய் மாட்டுவார். ஒருவர் துணி தைப்பார். பார்த்துப் பார்த்துக் கற்ற வேலை.

ஆனால் பலர் ஆண்டுக்கணக்கில் உதவியாளாகவே இருக்கிறார்கள். காரணம் என்ன? வேலை தெரிந்ததற்குச் சான்று இல்லை. படிவத்தை நிரப்பப் பயம். அளவும் கணக்கும் எழுதிய தாளைக் கொடுத்தால், படித்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவருக்குத்தான் கூடுதல் கூலி போகிறது.

எழுதப் படிக்கக் கற்ற பிறகு இந்த நிலையை மாற்ற முடியும். அதற்கு என்ன வழிகள் இருக்கின்றன என்பதே இந்தப் பாடம்.

2. சமுதாயக் கல்லூரி என்றால் என்ன?

கல்லூரி என்றால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இளைஞர்கள் போகும் இடம் என்று நினைக்கிறோம். மூன்று ஆண்டு படித்துப் பட்டம் வாங்குவார்கள். அது ஒரு வகை. இன்னொரு வகையும் உண்டு. அதன் பெயர் சமுதாயக் கல்லூரி.

பள்ளியை நடுவில் விட்டவர்கள், வேலை செய்துகொண்டே படிக்க விரும்புகிறவர்கள், வீட்டுப் பொறுப்புள்ள பெண்கள், இவர்களை மனத்தில் வைத்து உண்டானது சமுதாயக் கல்லூரி. அந்தப் பகுதியில் என்ன தொழிலுக்குத் தேவை இருக்கிறதோ, அந்தத் தொழிலைக் கற்றுத் தரும். அதோடு பொதுப் பாடமும் நடத்தும்.

இந்த எண்ணம் அமெரிக்காவில் வளர்ந்தது. 1901-ஆம் ஆண்டில் சிகாகோ நகருக்கு அருகில் உள்ள ஜோலியட் என்ற ஊரில் இப்படி ஒரு கல்லூரி தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் 6 பேர் மட்டுமே. பிறகு அந்த நாடு முழுவதும் இத்தகைய கல்லூரிகள் பரவின.

இந்தியாவில் முதல் சமுதாயக் கல்லூரி 1995-இல் புதுச்சேரியில் தொடங்கியது. அதைத் தொடங்கியது புதுவைப் பல்கலைக்கழகம். அடுத்த ஆண்டு, 1996-இல், சென்னையில் ஒன்று தொடங்கியது. சேவியர் அல்போன்ஸ் என்ற ஏசு சபைத் துறவி இந்த முயற்சியைத் தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் பரப்பினார். 2013-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் சமுதாயக் கல்லூரிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது.

சென்னையில் உருவான பாடமுறையில் நான்கு பகுதிகள் உண்டு.

முதல் பகுதி, வாழ்க்கைத் திறன். நாலு பேர் முன் பேசுவது, கடிதம் எழுதுவது, பிறரோடு சேர்ந்து வேலை செய்வது, உடல்நலம், சட்ட உரிமை ஆகியவை இதில் வரும்.

இரண்டாம் பகுதி, தொழில் திறன். எடுத்துக்கொண்ட தொழிலின் பாடமும் செய்முறையும்.

மூன்றாம் பகுதி, களப் பயிற்சி. பட்டறைக்கோ, மருத்துவமனைக்கோ, கடைக்கோ போய் நேரில் வேலை கற்பது.

நான்காம் பகுதி, வேலை தேட ஆயத்தம் செய்வதும் தேர்வும்.

இந்தக் கல்லூரிகளில் ஓராண்டுப் படிப்புக்குப் பட்டயம் கிடைக்கும். சில படிப்புகள் ஆறு மாதத்தில் முடியும். அவற்றுக்குச் சான்றிதழ் கிடைக்கும்.

சமுதாயக் கல்லூரி எல்லா ஊரிலும் இல்லை. ஆனால் அதன் கருத்து எல்லா ஊருக்கும் பொருந்தும். தொழிலும் பொதுக் கல்வியும் சேர்ந்தே வர வேண்டும் என்பதே அந்தக் கருத்து. பக்கத்தில் சமுதாயக் கல்லூரி இல்லாவிட்டால், ஓரிடத்தில் பொதுப் பாடமும் இன்னோரிடத்தில் தொழிலும் கற்கலாம்.

3. தொழிலுக்குப் பொதுப் பாடம் எதற்கு?

"எனக்கு வயரிங் சொல்லிக் கொடுத்தால் போதும். கணக்கும் சட்டமும் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மூன்று எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

மின் வேலை

மின்சார அளவை யூனிட் என்கிறோம். 1,000 வாட் சக்தி உள்ள கருவி 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட் ஆகும்.

ஒரு வீட்டில் 60 வாட் குண்டு பல்பு இருக்கிறது. தினமும் 5 மணி நேரம் எரிகிறது. 30 நாளில் எவ்வளவு ஆகும்?

60 × 5 × 30 = 9,000. இதை 1,000-ஆல் வகுத்தால் 9 யூனிட்.

அந்த இடத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்பு மாட்டினால்?

9 × 5 × 30 = 1,350. அதாவது 1.35 யூனிட்.

வீட்டுக்காரரிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டும் மின் தொழிலாளி மேல் அவருக்கு நம்பிக்கை வரும். அடுத்த வேலைக்கும் அவரையே கூப்பிடுவார்.

கணக்கு மட்டும் அல்ல. எழுத்து உயிரையும் காக்கும். மின் கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்று உண்டு. அதன் மேல் 30 மில்லி ஆம்பியர் என்றோ, 100 அல்லது 300 என்றோ அச்சிட்டிருக்கும். மனிதர்களை அதிர்ச்சியிலிருந்து காக்க 30 என்று போட்டதுதான் வேண்டும். 100-ம் 300-ம் வேறு தேவைக்கு. பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். படித்துப் பார்த்து மாட்ட வேண்டும்.

கட்டட வேலை

கட்டட வேலையில் பெண்கள் சித்தாளாகச் சேர்கிறார்கள். மண்ணும் கல்லும் சுமக்கிறார்கள். ஆண்கள் சில ஆண்டில் கொத்தனார் ஆகிறார்கள். பிறகு மேஸ்திரி ஆகிறார்கள். பெண்களில் பலர் முப்பது ஆண்டு கழித்தும் சித்தாள்தான்.

சித்தாளுக்கும் மேஸ்திரிக்கும் என்ன வேறுபாடு? கரண்டி பிடிப்பது மட்டுமா? இல்லை. மேஸ்திரிக்கு வரைபடம் பார்க்கத் தெரியும். 1-க்கு 100 என்று வரைபடத்தில் எழுதியிருந்தால், தாளில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 மீட்டர். தாளில் அறையின் நீளம் 4 சென்டிமீட்டர் என்றால் தரையில் 4 மீட்டர் அளக்க வேண்டும். கலவை 1-க்கு 6 என்றால் 1 சட்டி சிமெண்டுக்கு 6 சட்டி மணல். அகலம் குறைந்த நாலரை அங்குலச் சுவருக்கு வழக்கமாக 1-க்கு 4.

இவ்வளவுதான் அந்தக் கணக்கு. ஆறாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. இதையும் தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம் பிடிக்கும் முறையையும் கற்றால் பெண்களும் மேஸ்திரி ஆகலாம். கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தில் பெண்களின் கட்டுமானக் குழுக்கள் இருக்கின்றன. அவர்கள் வீடுகளையே கட்டி முடித்திருக்கிறார்கள்.

தோட்ட வேலை

2015 செப்டம்பரில் மூணாற்றில் தேயிலை பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து போராடினார்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அந்த ஆண்டு போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருந்தது. 20 சதவீதம் வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களின் ஒற்றுமைக்குப் 'பெண்பிள்ளை ஒருமை' என்று பெயர் வந்தது. நாடு முழுவதும் அந்தப் போராட்டத்தைக் கவனித்தது.

முடிவில் 8.33 சதவீதம் போனஸ், அதற்கு மேல் 11.67 சதவீதம் கருணைத் தொகை என்று பேசி முடித்தார்கள். இரண்டையும் கூட்டினால் 20.

சதவீதம் என்றால் நூற்றுக்கு எவ்வளவு என்று பொருள். கணக்குக்கு எடுக்கும் ஆண்டுச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதம் என்றால் 6,000 ரூபாய். 20 சதவீதம் என்றால் 12,000 ரூபாய்.

8.33 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஆண்டுக்கு 12 மாதம். 100-ஐ 12-ஆல் வகுத்தால் 8.33. அதாவது ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்தது 8.33 சதவீதம் என்றும், அதிகம் போனால் 20 சதவீதம் என்றும் வரம்பு வைத்தது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இதே அளவுகள் இருக்கின்றன.

கொழுந்து பறிக்கும் வேலைக்குச் சதவீதம் வேண்டாம். ஆனால் கொழுந்து பறித்ததற்கு உரிய கூலியைக் கேட்டு வாங்கச் சதவீதம் வேண்டும். பொதுப் பாடம் எதற்கு என்ற கேள்விக்கு இதுவே விடை.

4. ஒரு பேச்சு

சித்தூர் வட்டத்தில் ஒரு தொடர்கல்வி மையம். மாலை நேரம். வயரிங் வேலை செய்யும் ஒருவர் பத்திரிகை படிக்க வருகிறார். மையத்தை நடத்தும் பிரேரக் ஓர் இளம்பெண். எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏனுங்க டீச்சர், எனக்கு வயசு நாப்பத்திரண்டு ஆச்சு. இனிமேப் படிச்சு என்னங்க ஆகப் போகுது?"

"நீங்க எத்தனை வருசமா வயரிங் வேலை பாக்கறீங்கண்ணா?"

"இருபது வருசமாச்சுங்க. கோயமுத்தூர்ல பத்து வருசம், இங்கே பத்து வருசம்."

"அப்போ வேலை நல்லாத் தெரியும். கூலி எப்படிங்க?"

"உதவியாள் கூலிதானுங்க. வேலை பூரா நான் செய்யறேன். பெர்மிட்டு இருக்கறவர் வந்து கையெழுத்துப் போடறாரு. பெரிய தொகை அவருக்குப் போகுது."

"நீங்களே பெர்மிட் வாங்க முயற்சி பண்ணலீங்களா?"

"ஏழாவதோட நின்னுட்டேனுங்க. பாரத்தைப் பார்த்தாலே கை நடுங்குது."

"ஏழாவது படிச்சதுக்குச் சர்டிபிகேட் இருக்குதுங்களா?"

"பள்ளிக்கூடத்துல போய்க் கேட்டாக் குடுப்பாங்க."

"அப்போ நீங்க நேரா பத்தாவது துல்யதா வகுப்புல சேரலாமுங்க. லீவு நாள்லதான் வகுப்பு. வேலை கெடாது."

"மலையாளத்துல எழுதோணுமுங்களா?"

"வேண்டாமுங்க. தமிழ்லயே எழுதலாம்."

"கணக்குதான் எனக்கு வராதுங்களே."

"ஒரு வீட்டுக்கு எத்தனை மீட்டர் ஒயர் வேணும்னு எப்படிச் சொல்றீங்க?"

"அது பார்த்த உடனே மனசுலயே போட்டுருவேனுங்க. அறை அளவு, சுவர் உயரம், எத்தனை பாயிண்ட்டு, எல்லாம் கூட்டி, சேதாரத்துக்குக் கொஞ்சம் சேத்துக்குவேன்."

"அதுக்குப் பேர்தானுங்கண்ணா கணக்கு. மனசுல போடறதைத் தாள்ல போடப் பழகினாப் போதும்."

அவர் சிரித்தார். "அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சர்டிபிகேட்டு வாங்கிட்டு வர்றேனுங்க" என்றார்.

கேரளத்தில் வயர்மேன் பெர்மிட்டை மாநில மின் உரிம வாரியம் வழங்குகிறது. அதற்குத் தகுதியும் தேர்வும் உண்டு. இப்போதைய விதி என்ன என்பதை மாவட்ட மின் ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்கலாம்.

5. படிப்படியாக ஏறலாம்

கேரள மாநிலம் 1991 ஏப்ரல் 18 அன்று முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அதோடு வேலை முடியவில்லை. புதிதாகப் படித்தவர்கள் மேலே படிக்க வழி வேண்டும் அல்லவா? அதற்காகத் தொடர்கல்வி மையங்கள் வந்தன. இப்போது கேரள மாநில எழுத்தறிவு இயக்கம் சமநிலைக் கல்வி வகுப்புகளை நடத்துகிறது. மக்கள் அதைச் சாக்ஷரதா மிஷன் என்கிறார்கள். சமநிலைக் கல்வியை மலையாளத்தில் துல்யதா என்பார்கள்.

சமநிலைக் கல்வி என்றால், பள்ளிக்குப் போகாமலே பள்ளி வகுப்புக்குச் சமமான தேர்வு எழுதுவது.

முதல் படி: நாலாம் வகுப்புச் சமநிலை. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர்கள் இங்கே தொடங்கலாம்.

இரண்டாம் படி: ஏழாம் வகுப்புச் சமநிலை.

மூன்றாம் படி: பத்தாம் வகுப்புச் சமநிலை. 17 வயது முடிந்திருக்க வேண்டும். ஏழாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். மொழிப் பாடத்தைத் தமிழிலோ, மலையாளத்திலோ, கன்னடத்திலோ எடுக்கலாம். ஆங்கிலம், இந்தி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல், கணினிப் பாடமும் உண்டு.

நான்காம் படி: மேல்நிலைச் சமநிலை. அதாவது பதினொன்றும் பன்னிரண்டும். 22 வயது முடிந்திருக்க வேண்டும்.

மேல் வயது வரம்பு கிடையாது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் கட்டணச் சலுகை உண்டு. பத்தாம் வகுப்புச் சமநிலைச் சான்றிதழை வைத்து மேலே படிக்கலாம். அரசுத் தேர்வாணையத் தேர்வுக்கும் விண்ணப்பிக்கலாம்.

இன்னொரு வழி, தேசியத் திறந்தநிலைப் பள்ளி. இது 1989-இல் மத்திய அரசு தொடங்கியது. 14 வயது முடிந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். ஒரே தடவையில் எல்லாப் பாடமும் எழுத வேண்டும் என்பதில்லை. முடிந்ததை முதலில் எழுதி, மீதியை அடுத்த தேர்வில் எழுதலாம். தொழிற்பாடமும் இதில் உண்டு.

பொதுப் பாடம் ஒரு நிலைக்கு வந்ததும் தொழிற்பயிற்சி நிலையத்தின் கதவு திறக்கும். இதை ஐ.டி.ஐ. என்கிறோம். பாலக்காடு மாவட்டத்தில் மலம்புழையிலும், இடுக்கி மாவட்டத்தில் கட்டப்பனையிலும் அரசு ஐ.டி.ஐ.கள் இருக்கின்றன. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் போன்றவை 2 ஆண்டுப் படிப்பு. இவற்றுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். வெல்டர், பிளம்பர் போன்றவை 1 ஆண்டுப் படிப்பு. இங்கே தேறினால் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்று இந்தியா முழுவதும் செல்லும். கோயமுத்தூரிலும் கேட்பார்கள். கொச்சியிலும் கேட்பார்கள். வெளிநாட்டு வேலைக்கும் உதவும்.

கல்லூரி வரை தமிழிலேயே போக விரும்பினால் அதற்கும் வழி உண்டு. சித்தூர் அரசுக் கல்லூரியிலும் மூணாறு அரசுக் கல்லூரியிலும் தமிழ்ப் பட்டப்படிப்பு நடக்கிறது.

6. நேரம் இல்லாதவர்களுக்கு

எல்லோராலும் ஓராண்டு, ஈராண்டு படிக்க முடியாது. அன்றாடக் கூலியை விட்டால் அடுப்பு எரியாது. அவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு.

ஊரகச் சுயதொழில் பயிற்சி நிலையம். இதை வங்கிகள் நடத்துகின்றன. 18 வயது முடிந்த கிராமத்து மக்கள் சேரலாம். தையல், கைப்பேசி பழுதுபார்ப்பு, ஆடு மாடு வளர்ப்பு போன்ற பயிற்சிகள் சில வாரங்களில் முடியும். பயிற்சியும் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். பயிற்சி முடிந்த பின் கடன் வாங்கவும் வழி காட்டுவார்கள். பக்கத்து வங்கிக் கிளையில் விசாரிக்கலாம்.

மக்கள் கல்வி நிறுவனம். இது 1967-இல் பம்பாயில் தொழிலாளர் கல்விக்காகத் தொடங்கிய ஏற்பாடு. அப்போது இதன் பெயர் சிரமிக் வித்யாபீடம். பெரிய படிப்பு இல்லாதவர்களுக்கும் புதிதாக எழுத்தறிந்தவர்களுக்கும் தொழில் கற்றுத் தருவதே இதன் நோக்கம்.

முன்கற்றல் அங்கீகாரம். இது ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களுக்கானது. வேலையைச் செய்து காட்ட வேண்டும். கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். தேறினால் சான்றிதழ் கிடைக்கும். இருபது ஆண்டு வேலை செய்தவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

குறுகிய காலப் பயிற்சியில் தொழில் மட்டும்தான் கிடைக்கும். பொதுப் பாடத்துக்கு நேரம் இருக்காது. அதனால் பயிற்சி முடிந்த பிறகு சமநிலை வகுப்பில் சேர்வது நல்லது. இரண்டும் கூடினால்தான் முழுப் பயன்.

7. தமிழில் எழுதலாமா?

எல்லையோரத்துத் தமிழர்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. அலுவலகத்தில் எல்லாம் மலையாளத்தில் இருக்கிறது. பேசினால் புரிகிறது. படிக்க வரவில்லை. இதனாலேயே பலர் விண்ணப்பம் போடாமல் விட்டுவிடுகிறார்கள்.

1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இதற்கு ஒரு வழி செய்தது. தமிழ், கன்னடம் பேசும் சிறுபான்மை மக்கள், அவர்கள் வாழும் பகுதியில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்று உரிமை தந்தது. பதிலும் அதே மொழியில் பெறலாம் என்றது. அதனால் தமிழில் மனு எழுதுவது தவறு இல்லை.

அதே நேரத்தில் மலையாளமும் படிக்கக் கற்றுக்கொள்வது வேலைக்கு நல்லது. பேசத் தெரிந்த மொழியின் எழுத்தைக் கற்பது கடினம் அல்ல. தமிழ் எழுத்தைக் கற்றவருக்கு அதுவும் வரும். தமிழ் உரிமைக்கு, மலையாளம் வேலைக்கு, கொஞ்சம் ஆங்கிலம் கருவியின் மேல் உள்ள எழுத்துக்கு என்று மூன்றையும் பழகலாம்.

8. பணம் கட்டும் முன்

"மூன்றே மாதத்தில் டிப்ளமோ. நூற்றுக்கு நூறு வேலை நிச்சயம்" என்று சுவரொட்டி பார்க்கிறோம். நல்ல நிறுவனங்களும் உண்டு. ஏமாற்றும் இடங்களும் உண்டு. நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு, பயன்படாத தாளோடு திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அதனால் சேரும் முன் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும்.

சான்றிதழ் தருவது யார்? அரசா, பல்கலைக்கழகமா, அல்லது அந்த நிறுவனமேவா? அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லலாம்.

மொத்தக் கட்டணம் எவ்வளவு? தேர்வுக் கட்டணமும் அதில் சேர்ந்ததா? ரசீது தருவார்களா?

கையால் செய்யும் பயிற்சி எத்தனை மணி நேரம்? பட்டறையைப் பார்க்க விடுவார்களா? கருவிகள் ஓடுகின்றனவா?

போன ஆண்டு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? அவர்களில் ஒருவரோடு பேச முடியுமா?

அசல் சான்றிதழைக் கேட்கிறார்களா? சரிபார்க்கக் காட்டலாம். அவர்களிடம் விட்டு வைக்க வேண்டாம். நகல் கொடுத்தால் போதும்.

கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். ஒழுங்காக நடத்துகிறவர்கள் கோபப்பட மாட்டார்கள். சந்தேகம் வந்தால் தொடர்கல்வி மையத்திலோ, பஞ்சாயத்து அலுவலகத்திலோ, வேலைவாய்ப்பு அலுவலகத்திலோ விசாரிக்கலாம்.

9. வயது ஒரு தடை அல்ல

ஆலப்புழை மாவட்டத்தில் கார்த்தியாயினி அம்மா என்ற மூதாட்டி இருந்தார். சிறு வயதில் பள்ளிக்குப் போகவில்லை. கோயில்களில் கூட்டித் துடைக்கும் வேலை செய்து குடும்பத்தைக் காத்தார். 2018-இல், 96 வயதில், கேரள எழுத்தறிவு இயக்கத்தின் தேர்வை எழுதினார். 100-க்கு 98 மதிப்பெண் வாங்கினார். மாநிலத்தில் முதலிடம். 2020-இல் குடியரசுத் தலைவர் கையால் பெண் சக்தி விருது பெற்றார். 2023-இல் காலமானார்.

கார்த்தியாயினி அம்மாவுக்கு வேலை தேட வேண்டிய தேவை இல்லை. படிக்கும் ஆசைதான் இருந்தது. நாற்பது வயதில் இருப்பவருக்கு ஆசையோடு தேவையும் இருக்கிறது. இன்னும் இருபது ஆண்டு உழைக்க வேண்டும். அந்த இருபது ஆண்டும் உதவியாளாகவே கழியலாம். அல்லது இரண்டு, மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்துவிட்டு, மீதி ஆண்டுகளில் தன் வேலைக்குத் தானே கையெழுத்துப் போடலாம்.

தொடங்க வேண்டிய இடம் தொலைவில் இல்லை. பக்கத்துத் தொடர்கல்வி மையத்துக்குப் போய், பிரேரக்கிடம் பெயரைக் கொடுக்க வேண்டும். ஆதார் அட்டையும், பள்ளிச் சான்றிதழ் இருந்தால் அதையும் எடுத்துப் போக வேண்டும்.

புதிய சொற்கள்

சமுதாயக் கல்லூரி: தொழிலும் பொதுப் பாடமும் சேர்த்துக் கற்றுத் தரும் கல்லூரி.
பட்டயம்: டிப்ளமோ.
சமநிலைக் கல்வி: பள்ளி வகுப்புக்குச் சமமான கல்வி, துல்யதா.
அங்கீகாரம்: அரசோ பல்கலைக்கழகமோ ஏற்றுக்கொள்வது.
சதவீதம்: நூற்றுக்கு எவ்வளவு என்பது.

பயிற்சி

1. உங்களுக்குத் தெரிந்த தொழில்கள் எவை? எழுதுங்கள்.

2. ஒரு மின்விசிறி 75 வாட். தினமும் 8 மணி நேரம் சுற்றுகிறது. 30 நாளில் எத்தனை யூனிட் ஆகும்?

3. வரைபடத்தில் 1-க்கு 100 என்று எழுதியிருக்கிறது. தாளில் சுவரின் நீளம் 6 சென்டிமீட்டர். தரையில் எத்தனை மீட்டர்?

4. ஆண்டுச் சம்பளம் 72,000 ரூபாய். 20 சதவீதம் எவ்வளவு?

5. பத்தாம் வகுப்புச் சமநிலையில் சேர எத்தனை வயது முடிந்திருக்க வேண்டும்?

6. தொடர்கல்வி மையத்தின் பிரேரக்குக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த வகுப்பில் சேர விரும்புகிறீர்கள், எந்த நாளில் வர முடியும் என்று அதில் சொல்லுங்கள்.

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரில் வேலை தெரிந்தும் உதவியாளாகவே இருப்பவர்கள் யார்? அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? அவர்கள் மேலே வர என்ன செய்யலாம்?

விடைகள்: (2) 18 யூனிட். (3) 6 மீட்டர். (4) 14,400 ரூபாய். (5) 17 வயது.